எண் சேராத போல்ட்

பழைய துப்பாக்கி விற்க வருகிறவர் சொல்வதில் பாதி உண்மையாக இருக்காது. மீதிப் பாதி அவருக்கே தெரிந்திருக்காது. ராமநாதபுரத்தில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றின் பழுது மேசையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். கண் மங்கியதும் எழுந்து வந்துவிட்டேன். இப்போது அந்த மேசைக்கு வந்திருக்கும் நீங்கள் இரண்டு பேரும் போன வாரம் வீடு தேடி வந்து, பழைய ரைபிளை வாங்கலாமா கூடாதா என்று எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். அன்றைக்கு வாயால் சொன்னது எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

அளவு எடுப்பது, கேஜ் வைப்பது எல்லாம் கடையிலேயே கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் வேண்டாம். சந்தேகப்படுவது எப்படி என்பதற்குத்தான் நான் வேண்டும். எனக்கு அது பிறவிக் குணம். கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன் என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் கேலி செய்வாள். செய்யட்டும். எங்கள் வீட்டுக் குழம்பில் இதுவரை புழு விழுந்ததில்லை.

இந்தக் குணம் எனக்கு ஒரே ஒரு தடவை தூங்கிப்போனது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு ரைபிள் வந்தது. தோளில் பதிகிற மரக்கட்டை பளபளவென்று இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு உதிராமல் அப்படியே இருந்தது. இவ்வளவு பக்தியாக வைத்திருப்பவர் கெடுத்தா வைத்திருப்பார் என்று நினைத்து, கட்டையைக் கழற்றாமலே சரி சொல்லிவிட்டேன். வாங்கியவர் மூன்று மாதம் கழித்துப் புதுக் கட்டை போடக் கழற்றினார். மரத்துக்குள் மறைந்திருந்த இரும்பு முழுக்கப் பொரிந்து உதிர்ந்தது. கடற்காற்று வெளியே தெரிகிற இரும்பை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, அதை எல்லோரும் துடைப்பார்கள். துடைக்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் முதலாளி என்னைத் திட்டவில்லை. அந்த இரும்பை ஒரு வருஷம் என் மேசை மேலேயே வைத்திருக்கச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் இரும்பில் ஏமாந்ததில்லை. மனிதர்களிடம் ஒருமுறை தவறினேன். நான் சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் நடந்தது.

வாலிநோக்கம் பக்கத்துக்காரர் சிக்கந்தர் பாய். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். ஒரு உப்புக் கம்பெனியில் காவல் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சொந்தத் துப்பாக்கி வேண்டும், அடுத்த திங்கட்கிழமை அதிகாரி முன்னால் ஐந்து ரவுண்டு சுட்டுக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, துப்பாக்கி இல்லை.

"கட்டை எப்படி இருந்தாலும் பரவாயில்லைண்ணே," என்றார் என்னிடம். "தோள்ல அடிபட்டு எனக்குக் கை முழுசா நீளாது. கட்டையை நான் குட்டையா செஞ்சு மாட்டிக்கிருவேன். இரும்பு மட்டும் சுத்தமா இருக்கணும்."

இப்படிக் கேட்கிற ஆள் எனக்குப் பிடிக்கும். பழைய ரைபிளை எடுத்து அதன்மேல் தனக்கு ஏற்றமாதிரி கட்டிக்கொள்ள நினைப்பவர் பார்க்க வேண்டியது மூன்றே மூன்று: குழல், அதைத் தாங்கும் பாடி, தோட்டாவுக்குப் பின்னால் கதவு மாதிரி பூட்டிக்கொள்ளும் போல்ட். மற்றதெல்லாம் மாற்றக்கூடியது.

கமுதிப் பக்கத்திலிருந்து அழகர்சாமி என்று ஒருவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். மிளகாய் விவசாயி, அறுபத்தைந்து வயது இருக்கும். மாதக் கடைசியோடு லைசென்ஸ் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை, மகன் சிங்கப்பூரில், துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார். இரண்டு பேரையும் ஒரு வியாழக்கிழமை காலையில் வரச் சொன்னேன். முதலாளி அன்றைக்கு மதுரை போயிருந்தார்.

அழகர்சாமி ரைபிளை மேசையில் வைத்தார். ஒரு மஞ்சப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே மூக்கில் வியர்த்தது. விற்க வருகிற ஆள் முதலில் செய்வது போல்டை மாட்டி, இரண்டு தடவை இழுத்துத் தள்ளி, அந்தச் சத்தத்தை நமக்குக் காட்டுவதுதான். இவர் அதைச் செய்யவில்லை.

கட்டையைக் கழற்றினேன். துரு இல்லை. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தேன், உள்ளே சுழன்று போகும் வரிகள் கத்தி போல் கூராக இருந்தன. எண்ணெய் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஆனால் பாடியில் போல்ட் ஓடுகிற பள்ளத்தில் பழைய எண்ணெய் காய்ந்து கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. பல வருஷமாக அந்தப் பாதையில் எதுவும் ஓடவில்லை. மாதா மாதம் குழலைத் துடைக்கிற மனிதர் ஏன் போல்டை மட்டும் போடுவதில்லை?

"பையில என்னண்ணே?"

"போல்ட்டு," என்றார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

நான் கேட்கவில்லை. கையை விட்டு எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, உள்ளே தள்ளிப் பூட்டினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அப்புறம்தான், இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டிய எண்ணைப் பார்த்தேன். பாடியில் கடைசி எண் ஆறு. போல்டில் ஏழு. அளவு பார்க்கிற எஃகுத் துண்டை உள்ளே வைத்து மறுபடி பூட்டினேன். அந்தத் துண்டு இருந்தால் போல்ட் பூட்டக் கூடாது. பூட்டியது. அப்படியென்றால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடுதல். சுட்டால் தோட்டாவின் பித்தளை கிழிந்து, தீ பின்பக்கமாக முகத்துக்கு வரலாம். திங்கட்கிழமை அந்த இடத்தில் இருக்கப்போவது சிக்கந்தர் பாயின் முகம்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வாங்குகிறவர் பக்கத்தில் இருக்கும்போதே சத்தம் போட்டேன். "இது வேற துப்பாக்கியோட போல்ட்டு. அந்தத் துப்பாக்கி எங்க? எங்க இருந்து எடுத்தீங்க இதை?"

அழகர்சாமி என் குற்றச்சாட்டைக் காதில் வாங்கவே இல்லை. பூட்டியிருந்த போல்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேந்துருச்சா?" என்றார்.

"சேந்துருச்சு. ஆனா சரியாச் சேரல."

"சேராதுன்னுல்ல சொன்னாரு எங்க அய்யா," என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய அப்பா ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு ரைபிள் வாங்கியிருக்கிறார், இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கொன்றாக வரட்டும் என்று. எண்கள் அடுத்தடுத்தவை. அப்பா போன பிறகு கண்மாய் மடைத் தண்ணீரில் அண்ணன் தம்பிக்குள் தகராறு. ஒருநாள் இரண்டு பேரும் துப்பாக்கியோடு வயலுக்கு வந்துவிட்டார்கள்.

"மொதல்ல எடுத்தது நாந்தேன்," என்றார் அழகர்சாமி. "எனக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது. தம்பி நாகராசன் பொறகுதேன் எடுத்தான்."

ஊர்க்காரர்கள் நடுவில் விழுந்து பிரித்திருக்கிறார்கள். போலீசுக்குப் போனால் இரண்டு லைசென்ஸும் போகும், இரண்டு பேரும் உள்ளே போவார்கள். அதனால் கோயில் வாசலில் கூடி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். அண்ணன் போல்ட் தம்பியிடம் இருக்கட்டும், தம்பி போல்ட் அண்ணனிடம் இருக்கட்டும். அவரவர் துப்பாக்கி அவரவர் வீட்டில். ஒன்றின் போல்ட் மற்றதில் சேராது என்று அப்பா சொல்லி வைத்திருந்ததால், இரண்டு பேர் வீட்டிலும் இருப்பது வெறும் இரும்புக் குழாய் என்று எல்லோரும் நம்பினார்கள். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது பாடி எண்ணை மட்டும்தான் எழுதிக்கொள்வார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

போல்டை இன்னொருவரிடம் கொடுத்து வைப்பது சட்டப்படி தப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஊரே கூடிச் சொன்னாலும் தப்புதான். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"அவன் போல்ட்டு என் துப்பாக்கில சேருதுன்னா, என் போல்ட்டும் அவன் துப்பாக்கில சேரும்ல?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"அப்ப இத்தன வருசமா அவன் வீட்டுல இருக்கது முழுத் துப்பாக்கி," என்றார். "வெறுங்குழாய்னு நெனச்சு நான் அவன் வரப்பு வழியாப் போயி வந்துக்கிட்டிருந்தேன். வெளியில கட்டில் போட்டுப் படுத்துக் கெடந்தேன். போன ஆவணியில என் நாயி வயித்துல ஓட்டையோட கெடந்துச்சு. முள்ளுக்கம்பி குத்திருச்சுன்னு நெனச்சேன்." சட்டென்று எழுந்தார். "விக்கல. குடுங்க. போல்ட்டோட குடுங்க."

"வீட்டுல தோட்டா இருக்காண்ணே?"

"அஞ்சு இருக்கு."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைப் பதிவேட்டில் ரைபிளை நான் இன்னும் ஏற்றவில்லை. பிடித்து வைக்க எனக்கு உரிமை கிடையாது. போலீசுக்குப் போன் போட்டால் அவர்கள் வருவதற்குள் இவர் கமுதி பஸ்ஸில் இருப்பார். பத்தொன்பது வருஷம் அடங்கிக் கிடந்த ஒன்றை இரண்டு நிமிஷ அவசரத்தில் நான் எழுப்பிவிட்டேன். அவர் என்னமோ சொல்ல வந்தாரே, அதைக் கேட்டுவிட்டு மாட்டியிருந்தால் இது எதுவும் இல்லை.

"குடுக்கிறேண்ணே, துடைச்சுக் குடுக்கிறேன்," என்று போல்டை வெளியே எடுத்தேன். துடைக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டே, சாவி போட்டு, தோட்டாவை அடிக்கிற ஊசியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது யோக்கியமான வேலை இல்லை. இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். பிறகு எஃகுத் துண்டை வைத்து, பூட்டிக் காட்டி, இந்தப் போல்டோடு சுட்டால் எதிரில் நிற்பவருக்கு முன்னால் சுடுகிறவரின் கண்தான் போகும் என்று விளக்கினேன். அதில் பொய் இல்லை. கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், அவ்வளவுதான்.

சிக்கந்தர் பாய் எழுந்து போய் வாசலுக்கும் அழகர்சாமிக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அதட்டவில்லை.

"அண்ணே, எனக்கு உங்க துப்பாக்கிதான் வேணும். அதோட சொந்த போல்ட்டு உங்க தம்பிகிட்ட இருக்கு. அது வந்தா எனக்கு வேலை கெடைக்கும், உங்க மனசுல உள்ள சந்தேகமும் தெளிஞ்சு போகும். கூப்பிட்டுப் பாப்போமே. வரலைன்னா நானே உங்களைப் பஸ் ஏத்தி விடுறேன்."

லைசென்ஸ் புதுப்பிக்கும் விஷயமாக நாகராசனும் ஒருமுறை எங்கள் கடைக்கு வந்தவர்தான், பதிவேட்டில் நம்பர் இருந்தது. போன் போட்டேன். "உங்க அண்ணன் ரைபிளை விக்கிறாரு. அவரு போல்ட்டு உங்ககிட்ட இருக்காமே. போல்ட்டை மட்டும் கொண்டு வாங்க. துப்பாக்கி வேணாம்."

நாகராசன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணன் அங்கன இருக்காரா?"

"இருக்காரு."

"வாரேன்."

அடுத்த இரண்டரை மணி நேரம் என் சர்வீஸிலேயே மோசமான நேரம். 'துப்பாக்கி வேணாம்' என்று நான் சொன்னதே துப்பாக்கியோடு வருகிற யோசனையை அவருக்குக் கொடுத்திருக்குமோ என்று சந்தேகம். போல்டைத் தொலைத்துவிட்டேன் என்பாரோ என்று சந்தேகம். அழகர்சாமி டீயைத் தொடவில்லை. வாசலில் நிழல் விழுந்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். சிக்கந்தர் பாய் தொழுகைக்குப் போகும் நேரம் வந்தது. "அப்புறமா வீட்டுல சேத்துக் களா தொழுதுக்கிறேன், அல்லா மன்னிப்பான்" என்று அந்த ஸ்டூலை விட்டு அசையவில்லை.

நாகராசன் ஒல்லியான மனிதர். தோளில் துண்டு, கையில் மூடி போட்ட ஒரு தகரச் சம்படம். வாசலிலேயே நிறுத்தித் திறக்கச் சொன்னேன். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய போல்ட் மட்டும் இருந்தது. எண்ணைப் பார்த்தேன், கடைசி எண் ஆறு. அண்ணனைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போல்டை ரைபிளில் போட்டு, எஃகுத் துண்டை வைத்துப் பூட்டினேன். பூட்ட மறுத்தது. எடுத்துவிட்டுப் பூட்டினேன், பூட்டியது. சொந்த போல்ட், சரியான இடைவெளி. "அல்ஹம்துலில்லா" என்று சிக்கந்தர் பாய் மூச்சு விட்டார். திங்கட்கிழமைக்கு அவர் முகம் பத்திரம்.

போல்டை வெளியே எடுத்து லென்ஸ் வைத்து ஒருமுறை பார்த்தேன். பழக்கதோஷம். பாடிக்குள் பூட்டிக்கொள்கிற காதில் இரண்டு விதமான தேய்மானம் இருந்தது. ஒன்று பழையது, இந்த ரைபிளில் ஓடித் தேய்ந்தது. அதற்குப் பக்கத்திலேயே மெல்லிய கீறல் ஒன்று, வேறொரு பாடியில் உரசியது. முகப்பில் புகை இல்லை, பித்தளைத் தடம் இல்லை. இந்தப் போல்ட் வேறொரு துப்பாக்கிக்குள் போயிருக்கிறது. அங்கே சுடப்படவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் செய்த தப்பை மறுபடி செய்யாமல் வாயை மூடிக்கொண்டேன். நாம் கண்டுபிடிப்பதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. இரும்பைப் பற்றிச் சந்தேகம் வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். மனிதர்களைப் பற்றி வந்தால், முதலில் அவர்களைப் பேச விடுங்கள். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு முப்பத்தியொரு வருஷம் ஆயிற்று.

ஆனால் நாகராசன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைக் கண்டுகொண்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அழகர்சாமியும் லென்ஸையும் என்னையும் பார்த்தார்.

"ஏலே," என்றார் தம்பியைப் பார்த்து. பத்தொன்பது வருஷத்தில் முதல் வார்த்தை. "என் போல்ட்டு உன் துப்பாக்கில சேந்துச்சா?"

"சேந்துச்சுண்ணே."

"எப்ப பாத்த?"

"ஊர்ல வாங்கிக் குடுத்த அன்னைக்கே. வீட்டுக்குப் போனதும் போட்டுப் பாத்தேன்."

அழகர்சாமியின் கை மேசையைப் பிடித்துக்கொண்டது. சிக்கந்தர் பாய் ஸ்டூலிலிருந்து எழுந்தார். நான் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தேன்.

"என் நாயி?"

"உன் நாயை நான் தொடலண்ணே. கழட்டி அந்தச் சம்படத்துல போட்டவன், இன்னைக்குத்தேன் எடுக்கேன்."

அழகர்சாமி சம்படத்தின் அடியைப் பார்த்தார். துணி இருந்த இடம் போக மீதி தகரம் துருவேறி, அந்தத் துணியின் உருவம் அப்படியே அதில் பதிந்திருந்தது. அது ஒரு வருஷம் இரண்டு வருஷத்தில் வருகிற தடம் இல்லை. அவருக்கும் அது புரிந்தது. கை மெல்லத் தளர்ந்தது.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டா ஊருக்குச் சொல்லல? எனக்காவது சொல்லி விட்டிருக்கலாம்ல?"

நாகராசன் துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டார்.

"சொன்னா நீயும் போட்டுப் பாப்பண்ணே."

பொய் சொல்கிற முகங்களை எவ்வளவோ பார்த்தவன் நான். ஒரு மனிதர் பொய் சொல்லித் தப்பிக்க எல்லா வழியும் திறந்திருக்கும்போது, அப்படிச் செய்யாமல் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பாத்திருப்பேன்டா," என்றார் அழகர்சாமி. "பாத்துட்டு, உன்னைய மாதிரி சும்மா வச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றார் தம்பி.